மணிப்பூவுக்கு வேண்டிய உயரம்

பள்ளக்காட்டுக் கீழத்தெரு தரையிலிருந்து எழும்பத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி வாக்கில், குவாரிக்கு ஆட்களை ஏற்றிப்போகும் டிராக்டர் வந்து நிற்கிற நேரத்தில். நேற்று வரை சமமாக இருந்த தெரு முனையில் ஒரு சாண் உயரத்துக்குப் படி ஒன்று விழுந்திருந்தது. யாரோ மண் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்த டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து, வேகம் கூட்டி ஏற்றினார், ஆட்கள் ஏறிக்கொண்டார்கள், வண்டி போய்விட்டது. மறுநாள் அந்தப் படி இரண்டு சாண் இருந்தது. வியாழக்கிழமை அவர் ஏறிப் பார்க்கவில்லை, முனையிலேயே நிறுத்தி ஹாரன் அடித்தார், ஆட்கள் இறங்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

காரணம் என்னவென்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலம்பாயியின் செடிதான்.

சிலம்பாயி கலியாணமான புதிதில் புருசன் நல்லையனோடு கோத்தகிரிக்குப் பிழைக்கப் போனவள். அங்கே ஹில்டா என்ற ஒரு அம்மாளுக்கு மலைச்சரிவில் பெரிய பாறைத் தோட்டம் இருந்தது. நல்லையன் அங்கே கல் அடுக்கினான், சிலம்பாயி களை பிடுங்கினாள். களை பிடுங்க வந்தவள் மூன்றே வருஷத்தில் அந்தத் தோட்டத்தின் மிக முரண்டு பிடித்த செடிக்குப் பொறுப்பாளி ஆனாள். பனி பெய்கிற உயர்ந்த மலைகளின் பாறை இடுக்கில் வளர்கிற சின்னஞ்சிறு செடி அது, உள்ளங்கை அகலத்துக்குப் படரும், விரல் நுனி அளவு மணிகளாக நீலத்தில் பூக்கும். புத்தகத்தில் அதற்குக் கேம்பனுலா என்று பெயர், சிலம்பாயி மணிப்பூ என்றாள். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும், வெயில் அடித்தால் கருகிவிடும், நத்தை கண்டால் ஒரே ராத்திரியில் தின்றுவிடும், விதையோ தூசி மாதிரி, மூடினால் முளைக்காது, மூடாவிட்டால் காற்று கொண்டுபோய்விடும். படித்த தோட்டக்காரர்கள் நாலு பேர் முயன்று கைவிட்ட செடியை அவள் பத்தொன்பது வருஷம் பூக்க வைத்தாள். ஹில்டா அம்மாள் தோட்டத்தை விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போகும்போது, "உனக்கு என்ன வேணும், கேள்" என்றார். தையல் மிஷின் கேட்பாள் என்று நல்லையன் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு தொட்டி மணிப்பூ கேட்டாள்.

அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்து இறங்கினாள், பள்ளக்காட்டுக் கீழத்தெருவில், நல்லையன் பிறந்த வீட்டில்.

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லவேண்டும். அறுபத்து மூன்று வீடு, எல்லாம் குவாரியிலும் கிரஷரிலும் கல் உடைக்கிற குடும்பங்கள். மேலத்தெருவின் சாக்கடை அங்கேதான் வந்து முடியும், கோயில் குளம் நிரம்பினால் அங்கேதான் வழியும், ஐப்பசி பிறந்தால் அடுப்பைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துச் சமைப்பார்கள். மேலத்தெருவிலிருந்து ஒரு கால்வாய் வெட்டி ஏரிக்குத் திருப்புங்கள் என்று கீழத்தெருக்காரர்கள் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஒரு திண்டு செய்யலாம். அதனால் செடி வைக்க இடம் தேடிய சிலம்பாயிக்குத் தண்ணீர் ஏறாத ஒரே இடம் வீட்டுக்குப் பின்னால் குவாரிக் கழிவு கொட்டிக் கிடந்த மேடுதான் என்று பட்டது. நல்லையன் அதைப் பார்த்துவிட்டு வாய்க்குள் ஒரு சிரிப்புச் சிரித்தான். அவனுக்குக் கல் என்றால் போதும். பெரிய கற்களை மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைத்து, மழைத்தண்ணீர் வேரை நோக்கி இறங்குகிறபடி உள்பக்கமாகச் சாய்த்து, ஒரே பாறை வெடித்து வெளியே வந்ததுபோல ரேகை பார்த்துப் பொருத்தி, இடுக்குகளில் மணலும் இலைமக்கும் திணித்து, மேலே சின்ன ஜல்லி பரப்பி, பதினைந்து நாளில் கட்டி முடித்தான். பெரம்பலூர்ச் சீமையில் அப்படி ஒரு பாறைத் தோட்டம் இருந்ததில்லை. சிலம்பாயி செடியை நட்டாள்.

செடி சாகவில்லை. வளரவும் இல்லை. ஆறு இலையோடு நின்றது. மாசி போய்ப் பங்குனி வந்து, கல்லில் கால் வைக்க முடியாத வெயில் விழுந்தபோது அவள் ஈரச்சாக்கைப் பந்தலாகக் கட்டினாள், மீன்காரரிடம் ஐஸ்கட்டி வாங்கிச் சுற்றி வைத்தாள். ஆறு இலை ஐந்தானது. சித்திரை முதல் திங்கட்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்து, அதன் முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அஞ்சலை காதில் விழும்படியே சொன்னாள்:

"நீ கேக்கறது உசரம். இந்தத் தெருவுல அது ஒண்ணுதான் இல்ல. இருந்தா குடுக்க மாட்டேனா?"

மறுநாள்தான் அந்த ஒரு சாண்.

தெரு அப்படியே எழும்பியது, வீடுகளோடு, வேப்பமரங்களோடு, மாரியம்மன் மேடையோடு, கிணற்றோடு. ஒரு சுவர் விரியவில்லை, அடுப்பில் வைத்த உலை அலுங்கவில்லை. நாளுக்கு ஒரு சாண் என்றிருந்தது வைகாசியில் ஒரு முழமானது, ஆனியில் ஒரு ஆள் உயரமானது, ஆடிப்பெருக்கு அன்று கீழே நின்ற பனைமரங்களின் உச்சியைக் குனிந்து பார்த்தார்கள், அதற்கு மேல் அது எவ்வளவு வேகத்தில் போனதென்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கிணற்றுக் கயிற்றை நீட்டவேண்டியிருக்குமே என்று பெண்கள் கவலைப்பட்டார்கள், தண்ணீரும் கூடவே ஏறி வந்திருந்தது. கரண்டு ஆபீஸ் லைன்மேன் வாரம் ஒருமுறை வந்து கம்பியை நீட்டிக்கட்டிவிட்டுப் போனார், கேஸ் சிலிண்டர்காரர் அடிவாரத்தோடு நின்றுகொண்டார், பஸ் கண்டக்டர் பள்ளக்காடு என்று கூப்பிடுவதை விட்டு "மலை எறங்கறவங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஏறி இறங்க வழி வேண்டுமே. அதை யாரிடமும் போய்க் கேட்கவேண்டியிருக்கவில்லை, தெரு முழுக்கக் கல் உடைக்கிறவர்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆணும் பெண்ணும் உளியும் சம்மட்டியுமாக இறங்கினார்கள், புதிதாகக் கிளம்பி வந்த கரும்பாறையில் படி வெட்டினார்கள். இவ்வளவு காலமும் யார் யார் வீட்டுக்கோ தளமாகவும் தூணாகவும் போன கல், முதல் தடவையாகத் தங்கள் காலுக்குக் கீழே படியாக நின்றபோது, அதைக் கொத்தின கைகள் கொஞ்சம் அதிகமாகவே இழைத்தன. சில படிகளில் ஓரத்துக்குக் கொடி வேலைப்பாடுகூட வந்தது.

புரட்டாசியில் குளிர் வந்தது. இட்லி மாவு பொங்கவில்லை, தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்துபோனது, கோழிகள் மதியம் வரை கூட்டைவிட்டு இறங்கவில்லை. இதற்கெல்லாம் சிலம்பாயியிடம்தான் வந்தார்கள். அவள் வீடு வீடாகப் போய், மாவுச் சட்டியைச் சாக்கில் சுற்றி அடுப்போரம் வைக்கச் சொன்னாள், எண்ணெய் பாட்டிலை வெயிலில் எப்போது வைத்து எப்போது எடுப்பதென்று சொன்னாள், விறகை மழைக்கு முன்னாலேயே பரண் ஏற்றச் சொன்னாள். மின்விசிறிகளைக் கழற்றித் துடைத்துத் துணியில் கட்டி வைத்தார்கள். கிரஷர் தூசி குடித்து இருமிக்கொண்டிருந்த ஆட்களுக்கு இருமல் மட்டுப்பட்டது. நல்லையன் ஒருநாள் முழுக்க ஒரு தடவைகூட இருமவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை, சிலம்பாயி கவனித்தாள், சொல்லவில்லை, சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று.

மணிப்பூவுக்கு இப்போது இருபது இலை.

தாலுகா ஆபீஸிலிருந்து ஜெரால்டு என்ற சர்வேயர் வந்தார். இரண்டு நாள் அளந்தார். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து இருநூறு அடி என்று எழுதினார். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, அதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் கிடையாது. "போன சர்வேயில இங்க பள்ளம்னு போட்டிருக்கு, அதை அடிச்சுட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அதன் பிறகுதான் மேலத்தெருவுக்குப் பொறுக்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்தால் கீழத்தெரு தெரிந்தது, மாடியில் ஏறினால் தெரிந்தது, கோயில் வாசலில் நின்று கோபுரத்தைப் பார்க்க அண்ணாந்தால் கோபுரத்துக்குப் பின்னால், மேகத்துக்குப் பக்கத்தில், கீழத்தெருப் பெண்கள் துணி காயப்போடுவது தெரிந்தது. கீழத்தெரு என்று இனி எப்படிச் சொல்வது என்பதே பெரிய சங்கடமாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை பஞ்சாயத்துத் தலைவர் அங்கமுத்து, தலையாரியைக் கூட்டிக்கொண்டு, நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, மேலே வந்தார்.

"ஏ புள்ள, அந்தச் செடி எது?"

சிலம்பாயி காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"இந்தத் துளியூண்டுக்கா?"

"ஆமாங்க. இதுக்குக் குளிர் வேணுங்க. கீழ இல்லிங்க."

"இதைப் புடுங்கிப்போட்டா எழும்பறது நின்னுடுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தனக்குத் தெரிந்த செடியைப் பற்றி அவள் பொய் சொன்னதே இல்லை.

"நின்னுடும்னு நெனக்கிறேங்க."

"அப்பப் புடுங்கு."

"மாட்டேன்" என்றாள் சிலம்பாயி.

தலையாரி தரையைப் பார்த்தார். நல்லையன் கையிலிருந்த சம்மட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் செடியை மறைத்து நின்றுகொண்டு சொன்னாள்:

"பத்தொம்பது வருசம் வளத்த செடி. அது கேட்டதைக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லாம இருந்தப்ப, இந்தத் தரை எந்திரிச்சுக் குடுத்துச்சு. தரை குடுத்ததை நான் எப்படிப் புடுங்குவேன்?"

"பொறம்போக்குல செடி வெச்சிருக்க. திங்கக்கெழம ஜேசிபி வரும்" என்று சொல்லிவிட்டு அங்கமுத்து இறங்கினார்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்தது. அடிவாரத்தில் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முப்பதடி ஏறியது, பிறகு தானாகவே பின்னால் வழுக்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. டிரைவர் மூன்று முறை முயன்றார். அதற்குள் மலை இன்னும் இரண்டு ஆள் உயரம் போயிருந்தது. அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு, படி வழியாக நடந்து மேலே ஏறி, தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அஞ்சலை கொடுத்த சுண்டலைத் தின்றுவிட்டு இறங்கிப் போனார்.

ஐப்பசி மழை பிடித்தது. அந்த வருஷம்தான் அந்தத் தண்ணீர் முதன்முதலாகத் திசை மாறியது. மேகம் வந்து மோத ஒரு மலை இருந்ததால் மழையும் கூடுதல், பெய்தது அத்தனையும் சரிவில் இறங்கி நேராக மேலத்தெருவுக்குள் போனது. சிலம்பாயி தெரு விளிம்பில் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்த்தாள். அங்கே அடுப்புகள் கட்டில் மேல் ஏறின, நெல் மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள், யாரோ ஒரு வயதான அம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் மனசுக்குள் வெல்லம் கரைகிற மாதிரி இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை, தன்னிடம்கூட. அரைமணி நேரம் நின்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு அந்த வெல்லம் தீர்ந்து, வாயில் வேறு ஒரு ருசி வந்தது.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை காலை, மாரியம்மன் மேடையில் தெரு கூடியது. ஏரிக்கு ஒரு கால்வாய் வெட்டினால் என்ன என்று சிலம்பாயி கேட்டாள். பதில் சொன்னது அஞ்சலைதான்.

"என் மூத்த பையனை நான் முட்டித் தண்ணில கட்டில்மேல கெடந்து பெத்தேன். மருத்துவச்சி பாவாடைய இடுப்புல சொருகிக்கிட்டு நின்னா. மேலத்தெருவுலேருந்து ஒருத்தர் எட்டிப் பாத்தாங்களா? ஒரு வருசம், ஒரே ஒரு வருசம், அவங்க இருந்து பாக்கட்டும்."

நிறையத் தலைகள் ஆடின. அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை என்று சிலம்பாயிக்கும் தெரியும்.

"அஞ்சல, மேல இருந்துக்கிட்டு தண்ணியக் கீழ விடறதுக்கு என்ன தெறம வேணும்?" என்றாள். "சும்மா இருந்தாப் போதும். தண்ணி தானாப் போயிடும். அதைத்தான் அவங்க இத்தனை வருசமாச் செஞ்சாங்க. அதையே நாமளும் செஞ்சா நாம மேல வந்து என்னத்தக் கிழிச்சோம்? பாறையில சரிவு பாத்து வாய்க்கா வெட்டி ஏரிக்குக் கொண்டுபோறதுக்குத்தான் கை வேணும். அந்தக் கை அவங்ககிட்ட இல்ல. நம்மகிட்ட இருக்கு. அவங்க பாவம்னு நான் சொல்லல. நமக்குத் தெரியும்னு சொல்றேன்."

நல்லையன் எழுந்து வீட்டுக்குப் போய், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூபை எடுத்து வந்து, ஒரு நுனியை அஞ்சலையின் புருசன் கையில் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டார். அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் தானாகவே கூடை எடுத்துக்கொண்டு வந்தாள், ஆனால் சிலம்பாயியோடு பேசவில்லை, ஐந்தாம் நாள் பேசினாள்.

பதினோரு நாள் வெட்டினார்கள். மலையின் இடுப்பைச் சுற்றி, ஒட்டியாணம் போல, பாறையில் இறங்கிய வாய்க்கால் அது. ஒரு இடத்தில்கூடத் தண்ணீர் தேங்காது, ஒரு இடத்தில்கூடத் துள்ளாது. ஆறாம் நாளிலிருந்து மேலத்தெரு ஆட்கள் சிலர் கீழே வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எட்டாம் நாள் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து, கடைசிப் பகுதியில், யாரிடமும் எதுவும் கேட்காமல் மண் தள்ளினார்கள். அடுத்த மழை அந்த வாய்க்கால் வழியே போய், பதினாலு வருஷமாகப் புல் மண்டிக் கிடந்த ஏரியை நிரப்பியது. கலிங்கு வழிகிற சத்தம் மேலே வரை கேட்டது. அதைக் கேட்கத் தெருவே விளிம்பில் வந்து நின்றது. முதுகை நிமிர்த்தி, இடுப்பில் கைவைத்து, உழுது முடித்த வயலைப் பார்க்கிற மாதிரி நின்றார்கள்.

தை பிறந்து நாலாம் நாள் எழும்புவது நின்றது. அதை முதலில் கண்டுகொண்டது சிலம்பாயி; தினமும் காலையில் அடிவாரத்தில் புதுப்படிகள் கொத்தவேண்டியிருக்கும், அன்று கடைசிப் படி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது, மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். அவள் ஏறி வந்து செடியின் முன்னால் உட்கார்ந்தாள். இலைகளுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு மொட்டு இருந்தது.

அந்த உயரம்தான் அதற்கு வேண்டியிருந்தது போலும்.

மாசி முழுக்கப் பூத்தது. முதலில் நல்லையன் கட்டிய கற்களின் இடுக்கில், பிறகு வீட்டுச் சுவர்களின் வெடிப்பில், கிணற்று விளிம்பில், மாரியம்மன் மேடையில், ஆயிரக்கணக்கான படிகளின் ஓரத்தில், உளி பட்ட தழும்பு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம். கத்தரிப்பூவைவிடத் தெளிவான நீலம், மயில் கழுத்தைவிட அடக்கமான நீலம். காற்று அடித்தால் மலையே ஒரு பக்கமாகத் தலையாட்டியது. மணி மாதிரி இருக்கிறதே, ஒலிக்குமா என்று காதை வைத்துப் பார்த்தவர்களிடம் சிலம்பாயி சொன்னாள், "அது சத்தம் போடாதுங்க. அதுக்கு அவசியமில்ல." பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வெளியூரில் பெண் கேட்கப் போன கீழத்தெருக்காரர்கள் ஊர்ப்பேரைச் சொன்னதும் "அந்த நீல மலையா?" என்று கேட்டார்கள், இவர்கள் "ஆமா, எங்க மலைதான்" என்று சொல்லிவிட்டு, தேவையில்லாமல் இன்னொரு தடவையும் சொன்னார்கள்.

மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மதியத்துக்கு மேல், மூடுபனி இறங்குகிற நேரத்தில் அங்கமுத்து வந்தார். இந்தத் தடவை தலையாரி இல்லை. வெறும் வேட்டி சட்டைதான், போன தடவைக்குப் பிறகு மலை உயர்ந்ததில் குளிர் இவ்வளவு கூடியிருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. உதடு கறுத்து, கை விரல்கள் மடங்காமல், பாறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். பேச வாயெடுத்தார், பல் கிட்டித்தது.

சிலம்பாயி உள்ளே போனாள். இஞ்சி தட்டிப்போட்டு டீ கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஊற்றத் தன் வீட்டு எவர்சில்வர் டம்ளரை எடுத்தவள் ஒரு கணம் நின்றாள். மேலத்தெருக்காரர் ஒருவர் கீழத்தெருவில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. கொண்டுபோய் நீட்டி, அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டால், அதை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கிற அந்த ஏழெட்டு அடிதான் அவளால் முடியாது. வெளியே பார்த்தாள். வாசலில் நல்லையன் எதையும் பார்க்காதவன்போல உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். அவள் ஊற்றினாள், கொண்டுபோனாள், நீட்டினாள்.

அங்கமுத்து டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இரண்டு கையாலும் வாங்கி, கன்னத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டு, குடித்தார். பாதி குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"எங்க வீட்டுக்காரிக்கு இந்தப் பூவப் பாக்கணும்னு ஆசை. முட்டி வலி, ஏற முடியாது. ஒரு செடி குடுத்தா வாசல்ல வெச்சுக்குவா."

"குடுக்கறேங்க. வேரோட பிரிச்சு, பாசியில சுத்தித் தர்றேன். கல்லை மூணுல ஒரு பங்கு புதைக்கணும், உள்பக்கமாச் சாய்ச்சு வைக்கணும், வேருல தண்ணி நிக்கக்கூடாது. எப்படி வைக்கணும்னு எல்லாம் சொல்றேன்." தன் செடியைப் பற்றி இன்றைக்கும் உள்ளதைத்தான் சொல்லவேண்டும். "ஆனா கீழ பூக்காதுங்க."

"பூக்கவே பூக்காதா?"

"பூக்காது."

"அப்பப் பாக்கணும்னா?"

"ஏறி வரணும்" என்றாள் சிலம்பாயி. "படி அகலமா இருக்கு. நாலு பேரு நாற்காலியோட தூக்கிட்டு வரலாம். எங்க ஆளுங்க தூக்க மாட்டாங்க, உங்க ஆளுங்க தூக்கட்டும். மேல வந்துட்டா, எத்தனை நேரம் வேணும்னாலும் உக்காந்து பாக்கட்டும்."

அங்கமுத்து வெகுநேரம் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடுபனி வந்து அவரையும் அவளையும் மணிப்பூக்களையும் சேர்த்து மூடியது, பிறகு விலகியது. மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு அவர் டம்ளரை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

சிலம்பாயி ஊற்றினாள்.